நான்காம் எண் அழுகை

பெனிட்டா அந்தக் குழந்தையைக் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டப்பாவில் மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தை ஸ்பூனால் வழித்துக்கொண்டிருந்தபோது. தேடியது குழந்தையை அல்ல, ஓர் இடிச் சத்தத்தை.

சென்னையில் நாதப்பெட்டகம் என்ற நிறுவனத்தில் அவளுக்கு வேலை. மூடிப்போன ஸ்டூடியோக்களின் பழைய ஒலிநாடாக்களை வாங்கி, தூசு தட்டி, இன்றைய படக்காரர்களுக்குக் கொடுக்கும் இடம் அது. வேலையோடு வேலையாக, 'கேட்ட சத்தம்' என்று வாரம் பதினைந்து நிமிட நிகழ்ச்சி ஒன்றையும் நடத்திவந்தாள். பழைய படங்களில் விழுந்த குத்துகளில் பாதி, ஈரச் சாக்கில் கிரிக்கெட் மட்டையால் அடித்த ஒரே அடி என்று சொன்னவள் அவள்தான். வில்லன் பங்களாவின் இரும்புக் கேட் உண்மையில் ஒரு கேன்டீனின் சரக்கு லிஃப்ட் என்று அவள் நிரூபித்த வாரம், கேட்டவர்கள் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 2043-இல் பழைய படங்களைப் பார்க்கப் பலருக்குப் பொறுமை இல்லை. அவற்றைப் பற்றிக் கேட்கப் பொறுமை இருந்தது.

இடிச் சத்தத்துக்காக ஓட விட்ட ஒப்பீட்டு நிரல், பக்கத்திலேயே இன்னொன்றையும் அடிக்கோடிட்டுக் காட்டியது. ஒரு கைக்குழந்தையின் அழுகை, பட்டியலில் நான்காம் எண். பதினோரு விநாடி. மூன்று வீறல், ஒரு விக்கல், மறுபடி ஒரு வீறல். அது 1994 தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு படங்களிலும் தொடர்களிலும் வந்திருந்தது. ஜமீன் மாளிகையில் பிறந்ததும் அதே குழந்தை. கோயில் படியில் விடப்பட்டதும், வெள்ளத்தில் தொட்டிலோடு போனதும், ஆஸ்பத்திரியில் மாற்றி வைக்கப்பட்டதும் அதே குழந்தை. இரட்டைக் குழந்தைகள் பிறந்த படத்தில் அரை விநாடி தள்ளி அதையே இரண்டு முறை ஒட்டியிருந்தார்கள்.

"தமிழ்நாட்டிலேயே அதிகப் படங்களில் நடித்தது யார் தெரியுமா? இன்னும் பல்லே முளைக்காத ஒருத்தர்," என்று தொடங்கிய அந்த நிகழ்ச்சியை ஒன்பது லட்சம் பேர் கேட்டார்கள். "ஏன் எல்லாருக்கும் ஒரே அழுகை? சோம்பேறித்தனம்தான். புதுக் குழந்தையைத் தேடிப் பிடித்து அழவைப்பதைவிட, அலமாரியில் நாலாம் நம்பர் நாடாவை எடுப்பது சுலபம்," என்று முடித்தாள். கல்லூரிப் பிள்ளைகள் அந்த விக்கலை அழைப்பொலியாக வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. அந்தக் குழந்தை இப்போது எங்கே?

"கண்டுபிடிச்சுடலாம்," என்றான் முகுந்தன்.

நிறுவனத்தின் நிரல் வல்லுநர் அவன். மூன்று வருடமாக ஒரே காரியத்தில் மூழ்கியிருந்தான். அதற்கு வளர்குரல் என்று பெயர் வைத்திருந்தான்.

"எப்படிக் கண்டுபிடிப்ப? கைக்குழந்தைக் குரலும் பெரியவங்க குரலும் ஒண்ணா?" என்று கேட்டாள் பெனிட்டா.

"சின்னப் பொண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது டெய்லர் கீழ மடிச்சு வெச்சுத் தைப்பாரு, பாத்திருக்கியா? வளர வளர ஒவ்வொரு மடிப்பா பிரிச்சு விடலாம். துணி அதே துணிதான். மூக்குக்குப் பின்னால இருக்கற குழி, அண்ணம், தாடை, இதெல்லாம் எந்தக் கணக்குல வளரும்னு பிறக்கும்போதே இருக்கு. அழுகையில அது பதிவாயிடுது. நான் மடிப்பைப் பிரிச்சு விடறேன், அவ்வளவுதான். எத்தனை வயசு வேணும்னு சொல்லு, அந்த வயசுக் குரலைத் தரேன். அப்புறம் அதை வெளியில இருக்கற எல்லாப் பதிவோடயும் ஒட்டிப் பார்க்கணும்."

"எல்லாப் பதிவுன்னா?"

"கல்யாண வீடியோ, ஸ்கூல் ஆண்டு விழா, கடை விளம்பரம், யாரோ எங்கயோ ஏத்தி விட்டது. உலகத்துல வாயைத் திறந்து பேசினவங்க யாரும் தப்ப முடியாது." அவன் பெருமையாகச் சிரித்தான். "அடுத்த மாசம் வெளியீட்டு விழா. இந்தக் குழந்தையை மேடையில ஏத்தினோம்னா வேற விளம்பரமே வேண்டாம்."

பெனிட்டாவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. அப்போது அவள் அதில் தவறாக எதையும் பார்க்கவில்லை.

வளர்குரல் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொருத்தத்தோடு ஒரே ஒரு பெயர் வந்தது. ரேணுகாதேவி, வயது நாற்பத்தொன்பது, பொள்ளாச்சி. கபடிப் போட்டிகளுக்கு மைக்கில் வர்ணனை சொல்பவர்.

முகுந்தன் ஒரு பதிவைத் தட்டிவிட்டான். "தொட்டுட்டான்! தொட்டுட்டான்! கோட்டுக்கு இந்தப் பக்கம் விரல் வந்துருச்சுங்க, அம்பயர் ஐயா கண்ணாடியப் போட்டுப் பாருங்க!" என்று அறையே அதிர ஒரு குரல் கேட்டது.

"இதுக்கு நுரையீரல் பலம் அப்பவே இருந்திருக்கு," என்றான் முகுந்தன்.

*

பொள்ளாச்சிக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த மைதானத்தில் ரேணுகாதேவியைச் சந்தித்தாள் பெனிட்டா. முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே இருபது நிமிடம் கிடைத்தது. தடித்த கண்ணாடியும் காலில் விளையாட்டு ஷூவுமாக, பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார் ரேணுகா. பெனிட்டா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, முதலில் அந்தப் பதினோரு விநாடியைப் போடச் சொன்னார். கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் கண்ணு, நானூறு படத்துல அழுதிருக்கறேன். ஒரு படத்துல கூடச் சிரிக்க உடலையா என்னைய?"

"அக்கா, உங்க வீட்டுல யாராவது சினிமாவுல இருந்தாங்களா?"

சிரிப்பு மெல்ல இறங்கியது. "எங்கப்பாரு மெட்ராஸுல லைட்மேனா இருந்தாருங்க. நாச்சிமுத்துன்னு பேரு. நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே எல்லாத்தையும் விட்டுப்போட்டு இங்க வந்துட்டாரு. ஒன்பது வருசமாச்சு அவரு போயி."

"அம்மா?"

"ஓடிப்போயிட்டா." ரேணுகா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நிறைய முறை சொல்லிப் பழகிய வார்த்தை. "நடிக்கணும்னு ஆசையாம். என்னையத் தூக்கிப் போட்டுட்டு எவன் கூடவோ போயிட்டான்னு எங்கப்பாரு சொல்லுவாரு. ஒரு போட்டோ கூட இல்ல. பேரு கூடச் சொல்ல மாட்டாரு." கொஞ்சம் யோசித்தார். "இந்த அழுகைய யாரு பதிவு பண்ணுனது? பக்கத்துல யாராச்சும் இருந்திருப்பாங்கல்ல?"

"படத்துக்கு வெட்டி எடுத்த துண்டுதான் எங்ககிட்ட இப்ப இருக்கு. முழு நாடா கிடங்குல இருக்கணும். தேடணும்."

"தேடுங்க." மைக்கை எடுத்துத் தூசு ஊதிவிட்டு ரேணுகா எழுந்தார். "கிடைச்சா, நீங்க கேக்கக் கூடாது. என்னையக் கண்டுபிடிச்ச அந்தத் தம்பியும் கேக்கக் கூடாது. அதுல என்னையப் பெத்தவ குரல் இருந்துச்சுன்னா, நாந்தான் முதல்ல கேப்பேன். சம்மதமா?"

பெனிட்டா சம்மதித்தாள்.

*

நாடா ஐந்து நாளில் கிடைத்தது. தகர டப்பாவின் மேல் யாரோ நீல மையில் 'குழந்தை - அழுகை - 4' என்று எழுதியிருந்தார்கள். முகுந்தன் அதைக் காதால் கேட்காமலேயே சுத்தம் செய்தான். எப்படி என்று பெனிட்டா கேட்டதற்கு, திரையில் அலைக்கோட்டைப் பார்த்தே செய்தேன் என்றான். ரேணுகா காலை ரயிலில் வந்து இறங்கி, நேராக அலுவலகம் வந்து, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நாடா ஓடத் தொடங்கியது. ஒரு நாற்காலி நகர்ந்தது. ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஓடுது. குழந்தையைக் கீழ படுக்க வைங்க."

"சார், பசியில இருக்கா சார்." இளம் பெண்ணின் குரல். "காலையிலேர்ந்து நான் குரூப் டான்ஸ்ல நின்னேன், பாலே குடுக்கல. குடுத்துட்டு வந்துடறேன்."

"பசி அழுகைதாம்மா வேணும். அதுதான் நல்லா விழும். நீங்க தள்ளி நில்லுங்க. உங்க வாசனை பட்டா நிறுத்திடும்."

பிறகு அழுகை. உலகம் கேட்டது பதினோரு விநாடிதான். அந்த அறையில் அது ஏழு நிமிடம் ஓடியது. நடுவில் ஒருமுறை, "சார், போதும் சார்." "இன்னும் ஒண்ணும்மா. கடைசியில விக்குச்சே, அது அருமை. அப்படி ஒண்ணு." மறுபடி அழுகை. ரேணுகாவின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிக்கொண்டன. கண் மட்டும் திரையில் இருந்தது.

சட்டென்று ஓடும் காலடிச் சத்தம். வளையல் எதிலோ மோதியது.

"போதும்னா போதும்! இவ ஒண்ணும் உங்க தபேலா இல்ல."

ஆண் குரல் ஏதோ சொல்லிக்கொண்டே விலகியது. கதவு சாத்தப்பட்டது. நாடாவை நிறுத்த அவர் மறந்திருக்க வேண்டும். குழந்தை பால் குடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அதற்கு மேல் அந்தப் பெண் மூச்சு வாங்கியபடி பேசினாள்.

"என் தங்கம். இல்லடா, இல்லடா. அம்மா இங்கதான் இருக்கேன். அம்மா எங்க போகப் போறேன்?"

நாடா முடிந்தது.

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரேணுகா அழவில்லை. "மறுபடி போடுங்க," என்றார். "கடைசி மட்டும்." மூன்றாவது முறை கேட்டபோது நெற்றியைச் சுருக்கினார். "இந்தக் குரல நான் கேட்டிருக்கறேன்."

"அக்கா, நீங்க அப்ப கைக்குழந்தை..."

"அது இல்ல கண்ணு. அப்புறம். பெரியவளா ஆனப்புறம்." அவர் முகுந்தன் பக்கம் திரும்பினார். "தம்பி, என்னையக் கண்டுபிடிச்ச மாதிரி இவளையும் தேடு."

இந்த முறை வளர்குரலுக்கு ஒரு நிமிடம் கூடத் தேவைப்படவில்லை. ஒரு பெயரைத் தராமல், திரை நிறையப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் கொட்டியது. முகுந்தன் திகைத்துப்போய் ஒன்றைத் தட்டினான். பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒரு பெரியம்மா பாத்திரம் மருமகளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

"டப்பிங் ஆர்ட்டிஸ்ட்," என்றான். "பேர் அம்சவேணி. முப்பத்து நாலு வருஷம் வேலை பண்ணியிருக்காங்க. எழுபத்தோரு வயசு. சாலிகிராமத்துல இருக்காங்க."

ரேணுகா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்தச் சீரியலு. ஊரே பாக்கும். எங்க வீட்டுல மட்டும் இந்தப் பெரியம்மா வாயத் தொறந்தா எங்கப்பாரு எந்திரிச்சுப் போய் டிவிய அணைச்சுப்போடுவாரு. இந்தக் குரலு காதுல இடிக்குதும்பாரு. நான் பக்கத்து வூட்டுக்குப் போய்ப் பாப்பேன்." "அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவ எங்க இருக்கறான்னு தெரிஞ்சே இருந்திருக்கு."

முகுந்தன் ஏதோ தோன்றி இரண்டு பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று அறுபத்தேழு இடங்களில், அந்தக் குழந்தை அழும்போது சமாதானம் செய்யும் தாயின் குரல் அம்சவேணியுடையது.

*

மறுநாள் முகுந்தனும் பெனிட்டாவும் சண்டை போட்டார்கள்.

"விழா மேடையில ரெண்டு பேரும் சந்திக்கறாங்க," என்றான் அவன். "நேரலை. மேலிடத்துல கேட்டுட்டேன், குதிக்கறாங்க. நாற்பத்தெட்டு வருஷம் பிரிஞ்ச அம்மாவும் பொண்ணும், பெனி! இதைவிட நல்ல காரியம் என்ன இருக்கு?"

"அந்தம்மாவைக் கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? சந்தோஷம்தானே படுவாங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்? அவங்க எதுக்காகப் போனாங்கன்னு நமக்குத் தெரியாது. காணாமப் போனவங்க எல்லாரும் தொலைஞ்சவங்க இல்ல, முகுந்த். சிலர் தப்பிச்சவங்க." அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். "ஒருத்தி அடிக்கிற புருஷன்கிட்டேருந்து ஓடிவந்து, பேரை மாத்திக்கிட்டு, வேற ஊர்ல பிள்ளையோட ஸ்கூல்ல ஒரு நாள் வரவேற்புரை பேசியிருப்பா. அவன்கிட்ட பழைய கல்யாண கேசட் ஒண்ணு இருந்தா போதும். உன் வளர்குரல் அவ வீட்டு வாசல்ல கொண்டுபோய் அவனை நிறுத்தும். அதுக்கும் விழா வைப்பியா?"

மூன்று வருடத்தில் ஒருமுறைகூட முகுந்தன் அதை யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அதெல்லாம்... அபூர்வமா நடக்கறது," என்றான்.

"நீ வெளியிட்ட மறுநாளே அபூர்வம் இல்லாம போயிடும்."

பெனிட்டா ரேணுகாவுக்குப் போன் செய்தாள். தான் மட்டும் தனியாகப் போய், பெயர் சொல்லாமல், சம்மதம் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். "அவங்க வேண்டாம்னுட்டா?" என்று அவள் கேட்டதற்கு ரேணுகா பதில் சொன்னார்.

"வேண்டான்னா வேண்டாம். எட்டி நின்னு இத்தன வருசம் பொழச்சாச்சு. ஆனா அவ வாயால அதக் கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க."

*

மாடி வீட்டுக் கதவைத் திறந்த அம்சவேணி ஒல்லியாக, நிமிர்ந்து இருந்தார். பெனிட்டா தன்னை அறிமுகம் செய்துகொண்டு இரண்டு வாக்கியம்தான் பேசியிருப்பாள், அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு. இந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்த அழுகை நிகழ்ச்சி போட்டவ நீதானே?"

"ஆமாம்மா."

"சோம்பேறித்தனம்னு சொன்ன." அவர் கோபமாக இருந்தார். கோபத்திலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. "எங்க சவுண்ட் எஃபெக்ட்ஸ்காரங்க ராப்பகலா உழைச்சவங்க. ஒரு சிலம்பு உருள்றதுக்கு ஒன்பது சிலம்பு உருட்டிப் பாப்பாங்க. அவங்களைப் பாத்து நீ சோம்பேறிங்கற. நான் கேட்டேன், அதனால போட்டாங்க."

"நீங்க கேட்டீங்களா?"

அம்சவேணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பெனிட்டாவும் பின்தொடர்ந்து, எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அது என் பொண்ணு," என்றார் அவர். "அன்னிக்கு அவளைப் பசியில அழ விட்டது நான்தான். வேண்டாம்னு முதல்லயே சொல்லியிருக்கலாம், சொல்லல. எங்க வீட்டுக்காரர் யார் மூலமாவோ அதைக் கேள்விப்பட்டார். சினிமாவுக்காகப் பெத்த பிள்ளையைப் பட்டினி போட்டவன்னு என்கிட்ட பேசவே மாட்டேன்னுட்டார். ஒரு மாசம் கழிச்சு, பாட்டிகிட்ட காட்டிட்டு வரேன்னு பொள்ளாச்சிக்குத் தூக்கிட்டுப் போனார். பதினஞ்சு நாள்ல லெட்டர் வந்தது. காய்ச்சல், குழந்தை போயிடுச்சு, நீ வராதேன்னு. நான் ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. எங்க புதைச்சாங்கன்னு காட்டக்கூட ஆள் இல்ல."

அம்சவேணி சேலை மடிப்பை நீவிக்கொண்டே தொடர்ந்தார்.

"அடுத்த வருஷம் டப்பிங் கிடைச்சது. முதல் படத்துலயே ஒரு அம்மா, ஒரு குழந்தை. குழந்தை அழணும், நான் சமாதானம் பண்ணணும். எஃபெக்ட்ஸ்காரர் ஒண்ணாம் நம்பர் நாடாவை எடுத்தார். நாலாம் நம்பர் போடுங்களேன்னு கேட்டேன். அன்னிக்குத்தான் அவளை மறுபடி கேட்டேன். அதுக்கப்புறம் குழந்தை வர்ற சீன் எல்லாத்துக்கும் கேட்டேன். ஒருத்தர் அடுத்தவர்கிட்ட சொல்லி வெச்சாங்க, அம்சா அம்மா படம்னா நாலாம் நம்பர்னு. போகப் போக, நான் இல்லாத படத்துக்கும் அதுவே பழகிடுச்சு." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு ரெண்டடி தள்ளி நின்னு பாத்துட்டே இருந்தேன் இல்லையா? அப்புறம் ஒரு தடவை கூட அவளை நான் தூங்க வைக்காம விட்டதில்ல. எத்தனை படம்னு எனக்கே தெரியாது."

"நூத்தி அறுபத்தேழு," என்றாள் பெனிட்டா மெதுவாக. பிறகு, இதற்கு மேல் சுற்றி வளைக்க முடியாது என்று தோன்றியது. "அம்மா, நான் சொல்றதை நிதானமா கேளுங்க. அந்த லெட்டர் பொய். உங்க பொண்ணு இருக்காங்க. பொள்ளாச்சியில. அவங்கதான் என்னை அனுப்பினாங்க."

அம்சவேணி அசையவில்லை. முகத்தில் எதுவும் மாறவில்லை. "பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"ரேணுகாதேவி."

"நான் வெச்ச பேரு." அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டவர், அதை மட்டும் விட்டுட்டாரா?"

அழுகை வரும் என்று பெனிட்டா காத்திருந்தாள். வரவில்லை. அம்சவேணி சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அவ பேசினா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பெனிட்டா போனில் கபடி வர்ணனையைப் போட்டாள். தென்னந்தோப்புக் கூச்சலுக்கு மேலே ரேணுகாவின் குரல் அந்தச் சின்ன அறையில் முழங்கியது. அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, வேலையில் இருப்பவர்போலக் கேட்டார்.

"மூச்சைத் தப்பான இடத்துல வாங்கறா," என்றார். "தொண்டையிலேர்ந்து கத்தறா. இப்படிக் கத்தினா ரெண்டு வருஷத்துல குரல் போயிடும். யாருமே சொல்லிக் குடுக்கலியா?" பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அதற்குப் பிறகு அவர் அழுததை நிறுத்த வெகுநேரம் ஆனது.

*

விழா நடக்கவில்லை. முகுந்தன் மேலிடத்தில் போய், வளர்குரலைத் திறந்து விட முடியாது என்று சொன்னான். தேடப்படுபவரிடம் நிரல் முதலில் கேட்கும். அவர் சரி என்றால்தான் தேடியவருக்கு ஒரு சொல்லாவது போகும். இல்லையென்றால், அப்படி ஒருவர் கிடைத்தார் என்பதுகூடத் தேடியவருக்குத் தெரியாது. இதைச் சேர்க்க எட்டு மாதம் ஆகும் என்றான். அப்படியானால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். "தேடப்படறவங்க," என்றான். அவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மூல நிரலின் சாவி அவனிடம்தான் இருந்தது. கடைசியில் எட்டு மாதம் கொடுத்தார்கள்.

பெனிட்டா தன் அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் முப்பது விநாடி எடுத்துக்கொண்டாள். "நாலாம் எண் அழுகை நானூறு படங்களில் வந்ததற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று சொன்னேன். அது தவறு. உழைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை." ஆயிரம் பேர் திட்டினார்கள். அவள் யாருக்கும் பதில் போடவில்லை.

ரேணுகா தாயிடம் போனில் முதலில் பேசியது அப்பாவைப் பற்றித்தான். அந்த உரையாடலைப் பிறகு அவரே பெனிட்டாவிடம் சொன்னார். "அவரு என்னைய நல்லாத்தான் வளத்துனாருங்க. சைக்கிள்ல வெச்சு ஊர் ஊரா கபடிக்குக் கூட்டிட்டுப் போவாரு. அதுதான் ஆத்திரமா வருது. கெட்டவரா இருந்திருந்தா வெறுத்துட்டுப் போயிருப்பேன். அம்மாகிட்டயும் இதையேதான் சொன்னேன். அது ஒரு தப்புதானுங்களே, ஒரு நாள் பசி. அதுக்கு நாப்பத்தெட்டு வருசமா?" அம்சவேணி அதற்கு என்ன சொன்னார் என்று பெனிட்டா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆட்டமெல்லாம் முடிந்தபின் ரேணுகாவின் வீட்டில் சந்திப்பது என்று முடிவாகியிருந்தது. பெனிட்டாதான் அம்சவேணியை அழைத்துப் போனாள். ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது. மணி மூன்றுதான்.

"நேரா கிரவுண்டுக்குப் போலாம்," என்றார் அம்சவேணி. "அவ வேலை செய்யறதை ஒரு தடவை தள்ளி நின்னு பாக்கறேன். கிட்ட போக மாட்டேன்."

ஆனால் மைதானத்தில் இரும்பு நாற்காலிகளுக்கு நடுவே, எழுபத்தோரு வயதில் அவ்வளவு நிமிர்ந்து நடந்துவரும் ஒரு பெண் கண்ணில் படாமல் இருக்க முடியாது. இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. உடுமலை அணிக்காகப் பாடிப் போன ரைடர், நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருந்தான். மர மேடையில் நின்று, "போறான், போறான், மூலையில நிக்கறவரு காலைப் பாருங்க..." என்று முழங்கிக்கொண்டிருந்த ரேணுகாவின் குரல், பாதி வாக்கியத்தில் நின்றுபோனது.

கூட்டம் மேடையைத் திரும்பிப் பார்த்தது. மைக் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒருவர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். ரைடர் இருவரைத் தொட்டுவிட்டு, பிடித்த கையை உதறிக்கொண்டு, பாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டான். மைதானமே ஆர்ப்பரித்தது. அறிவிக்க வேண்டிய ரேணுகா மைக்கைப் பிடித்தபடி நின்றார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

அம்சவேணி பெனிட்டாவின் கையை விட்டார். மேடையின் மூன்று மரப்படிகளையும் தானே ஏறினார். மகளுக்கு எதிரே வந்து நின்று, ஒரு கணம் அந்த உதடுகளை உற்றுப் பார்த்தார். முப்பத்து நாலு வருடம் அவர் செய்த வேலை அது. பிறகு மகளின் கைக்கு மேலேயே கையை வைத்து மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உடுமலை அணிக்கு," என்றார். தொலைக்காட்சிப் பெரியம்மாவின் குரலைக் கேட்டு முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ரேணுகாவின் உதடு மறுபடி அசைந்தது. அம்சவேணி அதைப் பார்த்தபடி, ஓர் எழுத்துப் பிசகாமல், அவசரப்படாமல் சொல்லி முடித்தார்.

"இரண்டு பாயிண்ட்."